கல்லில் நின்ற பெயர்கள்: இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கோவிற்பற்றுகளும் இரு உலக மகாயுத்தங்களும்

யுத்தங்களின் வரலாறு பெரும்பாலும் அரசர்களையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. படை நகர்ந்த திசையும் கைப்பற்றப்பட்ட நிலத்தின் அளவும் அத்தகைய நூல்களிற் குறைவின்றிக் கிடைக்கும். ஆனால் அப்படையில் நடந்து சென்ற உழவன் யார், அவன் எவ்வூரைச் சேர்ந்தவன், அவன் திரும்பி வராதபோது அவ்வூருக்கு நேர்ந்தது யாது என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இவ்வினாக்களுக்குரிய விடையின் ஒரு பகுதி கல்லில் எழுதப்பட்டுள்ளது. தேவாலய வாயிலிலும் ஊர்ச் சந்தியிலும் நிற்கும் கற்சிலுவைகளே அவை. அவற்றின் பீடத்திற் பத்துப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றுக்குக் கீழே, இரண்டாம் மகாயுத்தத்துக்குரியனவாக மேலும் மூன்று நான்கு பெயர்கள். ஐக்கிய இராச்சியம் முழுவதிலும், எல்லாப் போர்களுக்கும் உரியனவாய், பல்வேறு வடிவங்களில் அமைந்த நினைவுச் சின்னங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவு செய்யப்பட்டுள்ளன. இவற்றுள் நாட்டுப்புறக் கோவிற்பற்றுகளுக்குரியவை எவ்வாறு தோன்றின, யாருடைய பெயரை ஏற்றன, யாரை விலக்கின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1914 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட ஆங்கிலக் கோவிற்பற்றின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். கோவிற்பற்று என்பது சமயப் பிரிவு மாத்திரமன்று. பிறப்பும் திருமணமும் இறப்பும் பதியப்பட்ட சமூக அலகும் அதுவே. அதன் உச்சியில் நிலக்கிழாரும், அவரை அடுத்துக் குருவானவரும், பின்னர் குத்தகைக் கமக்காரரும், அடியில் விவசாயக் கூலியாளரும் இருந்தனர். கூலியாளன் வாரமொன்றுக்கு ஒரு பவுணிலும் குறைந்த ஊதியமே பெற்றான். அவன் வாழ்ந்த குடிசை பெரும்பாலும் அவனுக்கு வேலை கொடுத்தவருக்கே உரியதாயிருந்தது. வேலை போயின் வீடும் போகும். வளர்ந்த ஆண்களில் ஏறத்தாழ நாற்பது வீதத்தினருக்கு அக்காலத்தில் வாக்குரிமை இருக்கவில்லை. தேவாலயச் சுவர்களிலே பளிங்கிற் பொறிக்கப்பட்டிருந்த பெயர்கள் நிலக்கிழாரின் முன்னோருடையனவும், தூர தேசங்களில் இறந்த அவர்களது மைந்தரான படை அதிகாரிகளுடையனவுமே. வாட்டர்லூவிலும் கிரைமியாவிலும் வீழ்ந்த சாதாரணப் போர்வீரனுக்கு ஊரிலே கல் எழுந்தமை மிக அரிது. 1899 முதல் 1902 வரை நடைபெற்ற தென்னாபிரிக்கப் போரின் பின்னரே சாதாரண வீரரின் பெயர்களையும் பொறிக்கும் வழக்கம் பரவலாயிற்று. இப்பின்னணியில் நோக்கும்போதுதான் 1918 இன் பின் எழுந்த கற்களின் புதுமை விளங்கும்.

1914 ஓகஸ்ட் 4 ஆந் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது போர் தொடுத்தபோது கிராமங்களில் அறுவடை தொடங்கியிருந்தது. கட்டாயப் படைச்சேவை அப்போது பிரித்தானியாவில் இல்லை. கிச்சினர் பிரபுவின் அழைப்பை ஏற்றுத் தொண்டர்களாய்ச் சேர்ந்தோர் 1915 இறுதிவரை ஏறத்தாழ 25 இலட்சம் பேர். நகரங்களோடு ஒப்பிடுகையில் நாட்டுப்புறங்களில் ஆட்சேர்ப்புச் சற்று மெதுவாகவே நடந்தது. கதிரை வயலில் விட்டுச் செல்ல உழவன் தயங்கினான். கமக்காரனும் அவனை விடத் தயங்கினான். ஆயினும் குருவானவரின் பிரசங்கமும் நிலக்கிழாரின் வற்புறுத்தலும் கூலியின் சிறுமையும் அயலூரைக் கடந்து அறியாத இளைஞரின் ஆவலும் ஒன்றுசேர்ந்து பலரைப் படைக்கு ஈர்த்தன. கென்ற் பிரதேசத்தின் நோல்ரன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தோர் 39 பேர் மாத்திரமே. அவர்களுள் 12 பேர் 1915 மார்ச்சுக்கு முன்னரே படையிற் சேர்ந்தனர். பத்திரிகையொன்று நடாத்திய போட்டியில் நாட்டின் மிகத் துணிவுள்ள கிராமம் என்னும் பட்டம் அவ்வூருக்குக் கிடைத்தது. அதன் பொருட்டுக் கற்சிலுவையொன்றும் அங்கு நாட்டப்பட்டது. ஊர்ப்பெருமை ஆட்சேர்ப்புக் கருவியாய்ப் பயன்பட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

1916 யனவரியில் இயற்றப்பட்ட சட்டம் மணமாகாத ஆண்களையும், அதே ஆண்டு மே மாதத்துச் சட்டம் மணமானோரையும் படைச்சேவைக்கு உட்படுத்தின. அதன்பின் கிராம வாழ்க்கையிலே புதியதொரு காட்சி தோன்றியது. விலக்குக் கோரும் மனுக்களை விசாரிக்கும் உள்ளூர் நியாய சபைகளின் முன் கமக்காரர் வந்து, எஞ்சியுள்ள ஒரே உழவனையும் கொண்டுபோனால் நிலம் தரிசாகும் என முறையிட்டனர். தன் அயலவனின் மகனை அனுப்புவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஊர்ப் பெரியோர் கையில் வீழ்ந்தது. அத்தீர்மானங்களின் கசப்புப் போர் முடிந்த பின்னரும் ஊர்களில் நிலைத்திருக்கக் கூடியதே.

கிராமங்களின் இழப்பு ஒரே சீராக அமையவில்லை. இதற்குப் படையின் அமைப்பும் ஒரு காரணமாகும். 1881 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் காலாட்படைப் பிரிவுகளைக் குறித்த பிரதேசங்களோடு இணைத்திருந்தன. 1908 இல் உருவான பிரதேசச் சேனையிலோ அயற்கிராமங்களின் இளைஞர் ஒரே அணியில் நின்றனர். அண்ணனும் தம்பியும், உழவனும் கொல்லனும் பக்கம் பக்கமாக நின்று போரிட்டனர். அவ்வணி அழிந்தால் ஊரே அழியும். சசெக்ஸ் பிரதேசத்தின் வாட்ஹேர்ஸ்ற் என்னும் ஊர் இதனை 1915 மே 9 ஆந் திகதி அறிந்தது. பிரான்சின் ஓபேர்ஸ் மேட்டுப் போரிலே பிரித்தானியப் படை அன்று ஒரு பகலில் 11,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொல்லப்பட்டோராயும் காயமுற்றோராயும் காணாமற் போனோராயும் இழந்தது. அன்று மாண்டோருள் 25 பேர் அவ்வோர் ஊரவர். 1916 யூலை முதலாந் திகதி சொம் சமரின் முதல் நாளில் 19,240 பிரித்தானியர் மடிந்தனர். இத்தகைய அழிவுகளின் பின், வெற்றிடங்களை நிரப்பச் சென்றோர் தத்தம் பிரதேசப் படைப்பிரிவுக்கே அனுப்பப்படுவர் என்னும் நிலை தளர்ந்தது.

மரணச் செய்தி வந்த வழியிலும் தரவேறுபாடு இருந்தது. அதிகாரியின் குடும்பத்துக்குத் தந்தி வந்தது. சாதாரண வீரனின் குடும்பத்துக்கு, வெற்றிடங்கள் நிரப்பப்பட்ட அச்சுப் படிவம் தபாலில் வந்தது. குளொஸ்ரர்ஷயரின் கிறேற் றிசிங்ரன் என்னும் சிற்றூரில் ஒரு கூலிக் குடும்பத்தின் வாயிலுக்கு இத்தகைய செய்தி ஐந்து முறை வந்தது. ஆறு ஆண்மக்களைப் பெற்ற அத்தாய், 1916 மார்ச்சுக்கும் 1918 ஏப்பிரிலுக்கும் இடையில் ஐவரை இழந்தாள். அவர்களுள் இருவர் இரட்டையர். ஐந்து நாள் இடைவெளியில் மாண்டவர்கள். ஒருவனுடைய உடல் கண்டெடுக்கப்படவேயில்லை. அவன் ஒருநாள் வழிதேடி வருவான் என்று அவள் சாளரத்தில் மெழுகுதிரி ஏற்றி வைத்தாள் என்றும், பின்னர் நாட்டு வாழ்த்து இசைக்கப்படும்போது எழுந்து நிற்க மறுத்தாள் என்றும் அவ்வூரிற் கூறுவர். அரசும் ஊரும் போற்றிய தியாகத்தை அதனைச் செலுத்தியவள் எவ்வாறு நோக்கினாள் என்பதற்கு இவ்வாய்மொழி மரபு ஒரு சான்று.

கற்கள் எழுந்தமைக்கான முதன்மைக் காரணம் உடல்கள் திரும்பி வராமையே. போரின் தொடக்கத்தில் வசதியும் செல்வாக்கும் உடைய சில குடும்பங்கள் தம் மக்களின் சடலங்களை நாட்டுக்குக் கொணர்ந்தன. முன்னாட் பிரதமர் கிளாட்ஸ்ரனின் பேரரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஒருவர் 1915 ஏப்பிரிலில் பிரான்சிற் கொல்லப்பட்டபோது, அவரது சடலம் விசேட அனுமதியுடன் ஹாவர்டனிலுள்ள குடும்ப இடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. செல்வந்தருக்கு ஒரு நீதி, வறியோருக்கு ஒரு நீதி என்னும் குறை எழாதிருக்கும் பொருட்டு இவ்வழக்கம் தடுக்கப்பட்டது. 1917 மே மாதத்தில் அமைக்கப்பட்ட ஏகாதிபத்திய யுத்தக் கல்லறை ஆணைக்குழு, அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே அளவான கல்லே நாட்டப்படும் என்னும் கொள்கையை வகுத்தது. இதனை எல்லோரும் உவந்து ஏற்றனர் எனக் கூறவியலாது. மூன்று புதல்வரை இழந்த சீமாட்டி ஒருவர், கல்லறைகளிற் சிலுவை வடிவை அனுமதிக்குமாறு கோரி 1919 இல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பங்களுடன் மனுவொன்றைச் சமர்ப்பித்தார். 1920 மே 4 ஆந் திகதி பாராளுமன்றத்தில் நீண்ட விவாதம் நிகழ்ந்த பின்னரே ஆணைக்குழுவின் கொள்கை நிலைபெற்றது. சமத்துவம் காக்கப்பட்டது, எனினும், பிரான்சுக்குச் செல்லப் பணமில்லாத உழவனின் தாய்க்குத் தன் மகனின் கல்லறை எட்டாத் தொலைவிலேயே கிடந்தது. அவளுக்குக் கிட்டியது ஊர்ச் சந்தியிலே நின்ற கல்லும் அதில் அவள் விரலாலே தடவக்கூடிய ஒரு பெயருமே. ஆதலால் கோவிற்பற்று நினைவுச் சின்னம் வெற்றித் தூணாகவன்றி, இல்லாத கல்லறைக்குப் பதிலியாகவே முதலில் விளங்கியது.

அக்கல்லை நாட்டியது அரசன்று. கோவிற்பற்றே தன் செலவில் நாட்டியது. குருவானவரோ நிலக்கிழாரோ தலைமைதாங்கக் குழுவொன்று கூடியது. வீடுவீடாகப் பணம் சேர்க்கப்பட்டது. சீமான் தந்த பவுண்களும் கைம்பெண் தந்த பென்சுகளும் ஒரே கணக்கில் ஏறின. எத்தகைய சின்னம் வேண்டும் என்பதிலே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. இறந்தோரை நினைவுகூர்வதற்குக் கல்லும் சிலுவையுமே தக்கன என்றனர் ஒரு சாரார். உயிரோடு மீண்டவர்களுக்கும் பயன்படத்தக்க மண்டபம், வாசிகசாலை, நீர்க்குழாய், தாதிப் பணி என்பன வேண்டும் என்றனர் மறுசாரார். கல் வைத்த ஊர்களும் உண்டு. மண்டபம் அமைத்த ஊர்களும் உண்டு. தேவாலயத்தினுள் வைப்பதாயின் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். வேறு சபைகளைச் சார்ந்தோர் இங்கிலாந்துத் திருச்சபையின் கூரையின்கீழ்த் தம் மக்களின் பெயர் வைக்கப்படுவதை விரும்பாத இடங்களிற் பொதுச் சந்தியே தெரிவு செய்யப்பட்டது.

பெயர்களை எவ்வொழுங்கில் எழுதுவது என்பது இவற்றிலும் கருத்தூன்றத்தக்க வினா. பதவி வரிசையில் எழுதினால் நிலக்கிழாரின் மைந்தன் முதலிலும் அவருடைய குதிரைக்காரன் இறுதியிலும் வருவர். பல கோவிற்பற்றுகள் அகரவரிசையைத் தெரிவு செய்தன. சில பதவியையே குறிக்காது விட்டன. சசெக்ஸின் பேர்வாஷ் என்னும் ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் றட்யாட் கிப்ளிங் தம் ஒரே மைந்தனை 1915 செப்ரெம்பரில் லூஸ் சமரில் இழந்தார். பார்வைக் குறைவுடைய அம்மைந்தனுக்குத் தம் செல்வாக்கினாற் படையில் இடம் பெற்றுக் கொடுத்தவரும் அவரே. கல்லறை ஆணைக்குழுவின் நினைவு வாசகங்களைத் தெரிந்து கொடுத்த அவரது மைந்தனின் பெயரும் அவ்வூர்க் கல்லில் ஏனைய ஊரவரின் பெயர்களோடு நிற்கிறது. பழந்தமிழரின் நடுகல்லிலும் வீழ்ந்தவன் பெயரே எழுதப்பட்டது. அங்கு அவனது வீரம் அவனுக்குக் கல்லைத் தந்தது. இங்கோ வீரத்தின் அளவு வினவப்படவில்லை. போருக்குச் சென்றான், மீளவில்லை என்பதே பெயர் பொறிக்கப்படுவதற்குப் போதுமாயிருந்தது. வாழ்நாளில் வாக்குச் சீட்டில்லாத ஒருவன் இறந்தபின் ஊரின் நடுவே பெயர் பெற்றான். இருபத்தொரு வயதடைந்த ஆண்கள் அனைவருக்கும் பொதுவாக வாக்குரிமை வழங்கிய சட்டமும் 1918 இலேயே நிறைவேறியமை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

எனினும், பெயரை ஏற்றும் உரிமை பெயரை விலக்கும் உரிமையையும் தந்தது. படையைவிட்டு நீங்கியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட வீரர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களது பெயர்கள் பல ஊர்க் கற்களில் இடம்பெறவில்லை. லிங்கன்ஷயரின் புல்ஸ்ரோ என்னும் ஊர் இவ்விடயத்திற் கொண்ட நிலை தனித்தன்மை வாய்ந்தது. அவ்வூரான் ஒருவன் 1917 செப்ரெம்பரிற் சுடப்பட்டான். அவனுடைய பெயர் இடம்பெறலாகாது என்று கூறப்பட்டபோது, ஏனைய குடும்பங்கள் அவனுக்கு இடமில்லையேல் தம் மக்களுக்கும் கல் வேண்டாம் என்றன. போர்முனையிற் கௌரவமாக மாண்டோரின் பெற்றோர், அவமதிக்கப்பட்டவனின் பெற்றோரைத் தனியே விட மறுத்தனர். ஊர் நினைவுச் சின்னமின்றியே எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்றது. 2005 ஆம் ஆண்டிலேதான் அவன் பெயரையும் கொண்ட பலகை அங்கு திறந்துவைக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்குப் பாராளுமன்றச் சட்டம் மன்னிப்பு அளித்தது. அரசு தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஏற்ற நியாயத்தை அச்சிற்றூரின் உழவர் குடும்பங்கள் அன்றே கண்டிருந்தன எனலாம்.

மீண்டு வந்தோரின் நிலையும் நோக்கத்தக்கது. படைக்குச் சென்றோரிற் பெரும்பான்மையினர் உயிரோடு திரும்பினர். கையிழந்தோர், நச்சுப் புகையால் நெஞ்சு கெட்டோர், இரவிலே திடுக்கிட்டு விழிப்போர் ஆகியோரும் இவர்களுள் அடங்குவர். சில கோவிற்பற்றுகள் சேவை செய்தோர் அனைவரின் பெயரையும் தேவாலயத்தினுட் சட்டமிட்ட பட்டியலில் எழுதி வைத்தன. வேறு பலவற்றில் மாண்டோருக்கே இடம் கிடைத்தது. சென்றவர் அனைவரும் மீண்ட கிராமங்களும் உள. 1930 களில் ஆதர் மீ என்னும் எழுத்தாளர் அவற்றை நன்றி செலுத்தும் கிராமங்கள் எனப் பெயரிட்டு 32 ஊர்களை இனங்கண்டார். பின்வந்த ஆய்வாளர் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஐம்பதுக்கும் சற்று மேற்பட்டவற்றைக் கண்டனர். ஆயிரக்கணக்கான கோவிற்பற்றுகளுள் இத்துணைச் சிலவே தப்பின. இரு யுத்தங்களிலும் எவரையும் இழக்காதவை இவற்றினும் அரியன. குளொஸ்ரர்ஷயரின் அப்பர் ஸ்லோற்றர் அத்தகையது. 1944 பெப்ரவரியில் ஜேர்மன் விமானங்கள் வீசிய தீக்குண்டுகள் அவ்வூர்மீது வீழ்ந்தபோதும் ஓருயிர்தானும் அழியவில்லை. அங்கு கற்சிலுவை இல்லை. சென்று மீண்டோரின் நினைவாகக் கிராம மண்டபத்தில் எளிய மரப்பலகையே உண்டு. ஐந்து மைந்தரை இழந்த தாயின் ஊரான கிறேற் றிசிங்ரன் அங்கிருந்து சில மைல் தொலைவிலேயே உள்ளது. இரண்டும் ஒரே மண்ணை உழுத, ஒரே சந்தைக்குச் சென்ற ஊர்கள். துணிவோ பற்றோ இவ்வேறுபாட்டை விளைவித்ததெனக் கூறவியலாது. எந்த அணியில், எந்த நாளில், எந்தப் பதுங்குகுழியில் நின்றான் என்னும் தற்செயலே ஓரூரை நன்றி செலுத்தவும் மற்றையதைப் புலம்பவும் வைத்தது.

இரண்டாம் மகாயுத்தத்தின் பெயர்கள் பெரும்பாலும் முதலாவதன் கீழேயே பொறிக்கப்பட்டன. அவை தொகையிற் குறைந்தவை. பதுங்குகுழிப் போர் மீண்டும் நிகழாமையும், உணவு உற்பத்தியின் பொருட்டு விவசாயத் தொழிலாளர் பலர் விலக்களிக்கப்பட்டமையும் இதற்குக் காரணங்களாம். மறுபுறத்தில், மரணம் நிகழ்ந்த இடங்கள் உலகெங்கும் பரந்தன. குண்டுவீச்சு விமானப் படையில் மாத்திரம் பிரித்தானிய, பொதுநலவாய நாடுகளைச் சேர்ந்த 55,573 பேர் மாண்டனர். நோர்போக், சபோக், கேம்பிறிட்ஜ்ஷயர் முதலிய கிழக்குப் பிரதேசக் கிராமங்களின் கற்களிலோ தூரகிழக்கில் மாண்டோரின் பெயர்கள் காணப்படுகின்றன. அப்பிரதேசங்களிற் சேர்க்கப்பட்ட வீரரைப் பெருமளவிற் கொண்ட 18 ஆவது படைப்பிரிவு சிங்கப்பூரை அடைந்து சில வாரங்களுக்குள், 1942 பெப்ரவரி 15 ஆந் திகதி சரணடைந்தது. அவர்களுட் பலர் பர்மா-சீயம் புகையிரதப் பாதையில் யப்பானியரின் கைதிகளாக உழைத்துப் பசியாலும் கொள்ளை நோயாலும் மாண்டனர்.

அப்பாதையில் அவர்களோடு உழைத்தோருள் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவர். ஆசியத் தொழிலாளரின் இறப்புத் தொகை போர்க்கைதிகளின் இறப்பைவிடப் பன்மடங்கு அதிகமென்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்திலே போர்க்கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் துயில்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நோர்போக்கின் உழவனுக்கு அங்கே ஒரு கல்லும் ஊரிலே ஒரு வரியும் கிடைத்தன. அவனருகே விழுந்த தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் கிடைக்கவில்லை. முதலாம் மகாயுத்தத்திலும் இதுவே நிகழ்ந்தது. அதில் மாண்ட ஆபிரிக்க, ஆசிய, மத்தியகிழக்கு வீரருள்ளும் சுமைகாவிகளுள்ளும் ஓர் இலட்சத்துப் பதினாறாயிரம் பேரேனும், ஒருவேளை மூன்றரை இலட்சம் பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை என்பதைப் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. சீமானையும் குதிரைக்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்திய கொள்கை, நிறத்தின் எல்லையைக் கடக்கத் தயங்கியது.

அண்மைய பல ஆண்டுகளாக ஆங்கிலக் கிராமங்களில் வேறொரு முயற்சி நடைபெற்று வருகிறது. பெயர்கள் மாத்திரம் எஞ்சிய நிலையில், அவற்றுக்குரிய வாழ்க்கையை மீட்க உள்ளூர் ஆர்வலர் முற்பட்டுள்ளனர். இப்பணி எளிதன்று. முதலாம் மகாயுத்த வீரரின் சேவைப் பதிவுகளிற் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்ரெம்பரில் இலண்டன்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் எரிந்தன. எஞ்சிய பதக்கக் குறிப்புகள், 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, கோவிற்பற்றுப் பதிவேடு, பாடசாலைக் குறிப்பேடு, உள்ளூர்ப் பத்திரிகை என்பவற்றை இணைத்தே ஒருவனின் பிறப்பையும் தொழிலையும் இறுதி நாளையும் அறியவேண்டியுள்ளது. இவ்வாறு ஆராய்ந்தபோது ஒரே மனிதன் இரு ஊர்க் கற்களில் இடம்பெற்றமையும், உறவினர் ஊரைவிட்டு நீங்கியமையால் ஒருவன் எக்கல்லிலும் இடம்பெறாமையும் வெளிப்பட்டுள்ளன. விடுபட்டோரின் பெயர்கள் நூறாண்டின் பின் சில கற்களிற் சேர்க்கப்பட்டுமுள்ளன. வரலாற்றாசிரியனுக்குக் கல் முடிந்த முடிபன்று. ஊர் தன்னைப்பற்றிக் குறித்ததொரு காலத்தில் அளித்த வாக்குமூலம் எனவே அதனைக் கொள்ளல் தகும்.

தொகுத்து நோக்கின், நாட்டுப்புறக் கோவிற்பற்றின் போர்க் கல் இருவேறு உண்மைகளை ஒருங்கே தாங்குகிறது. பெயரற்றவனாய் வாழ்ந்த உழவன் வரலாற்றிற் பெயர் பெற்ற முதலிடம் அது. அப்பெயருக்காக அவன் கொடுத்த விலையும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது. அக்கல்லைப் போரின் புகழுரையாகக் கொள்வோர் சாளரத்தில் மெழுகுதிரி ஏற்றிய தாயை மறக்கின்றனர். அதனைப் பழங்கால எச்சமெனத் தள்ளுவோர், ஒருவனின் பெயருக்காகத் தம் மக்களின் பெயர்களையும் நிறுத்திவைத்த புல்ஸ்ரோ மக்களை மறக்கின்றனர். மாண்டவன் எத்தகையவனாயினும், எவ்வினத்தவனாயினும், எத்தரத்தவனாயினும் அவன் பெயர் கூறப்படவேண்டும் என்பதே அவ்வூரார் சொல்லாமற் சொன்ன நீதி. பர்மாக் காட்டுப் பாதையோரம் பெயரின்றிக் கிடப்போருக்கும் அந்நீதி உரியது. அவர்களுக்குரிய பதிவேடுகள் எந்தத் தேவாலயத்திலும் இல்லை. தோட்டக் கணக்கேடுகளிலும் எஞ்சிய குடும்பங்களின் நினைவிலுமே தேடப்பட வேண்டியுள்ளன. அத்தேடல் நிறைவேறும்வரை அவ்யுத்தங்களின் வரலாறு முழுமை பெறாது.